திட்டுத் திட்டாய் ஒரு நீலம்

அப்பாவிடம் எந்தத் துணியைக் கொடுத்தாலும் அதை எடுத்துக்கொண்டு நேராக மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே வெயில் நேராக விழாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்று, துணியை ஒரு விரல் அகலத்துக்கு மடித்து, கண்ணுக்கு அருகில் ஒரு முறை, கையை நீட்டி ஒரு முறை பார்ப்பார். "டியூப் லைட் பொய் சொல்லும்மா. வடக்கு வெளிச்சந்தான் நெசம் சொல்லும்" என்பார்.

போன ஆடியில், பின்னுவதற்காக நான் முதன்முதலாகச் சாயம் போட்ட நூல் சிட்டத்தையும் (வளையமாகச் சுற்றிய நூல்கட்டு) அங்கேதான் கொண்டு போனார். நீலம். ஓர் இடத்தில் கருநீலம், அடுத்த சாணில் வெளிர் நீலம், நடுநடுவே நூலின் சொந்த வெள்ளை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. அப்பா நாலைந்து தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, திட்டுத் திட்டா இருக்கு" என்றார்.

"அதுக்காகத்தான்பா அப்படிப் போட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் சிட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அவர் ஏன் அப்படிப் போனார் என்று எனக்குத் தெரியும். 1971-இல் இருபது வயதில் பெரம்பூர் பின்னி மில்லில் சேர்ந்தவர் அவர். 1996-இல் மில் மூடும் வரை, 25 வருடமும் சாயப் பிரிவில்தான். (பின்னி என்பது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர் என்று தெரியும் வரை, துணியைப் பின்னிப் பின்னித் தருவதால் அந்தப் பெயர் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம்.) அந்த மில் காக்கித் துணிக்குப் பேர்போனது. காக்கி என்றால் சும்மா இல்லை. இந்த வருடம் தைத்த சட்டையும் அடுத்த வருடம் தைக்கிற கால்சட்டையும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டும். ஒரு வரிசையில் நூறு பேர் நின்றால் நூறு பேரும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். அப்பாவின் வேலையே அதுதான்: இன்றைய லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) நேற்றைய லாட்டைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பது. திட்டு என்பது அவர் வாயில் ஒரு வசவுச் சொல். அந்தக் கையிலா நான் கொண்டுபோய் என் நீலத்தைக் கொடுத்தேன்!

பின்னல் எனக்கு வந்தது வேறு வழியாக. பள்ளிக்கூட நாளில் பெரம்பூரில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் இருந்தார். ரயில்வே குடும்பம், ஆங்கிலோ இந்தியர். லீவு நாளில் அம்மாவோடு போனால் அந்த ஆன்ட்டி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருப்பார். எனக்கு ஊசி வாங்கித் தர வீட்டில் காசில்லை. அப்பாதான் பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளை வெட்டி, இரண்டு முனையையும் அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார். அது 2 மில்லிமீட்டர் கம்பி. பின்னல் ரொம்பப் பொடியாக வரும். ஒரு சாண் பின்ன ஒரு வாரம் ஆகும். ஆனாலும் அந்தக் கம்பியில்தான் என் கை படிந்தது. அதனால் நிறத்தில் அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாத இந்தச் சங்கதி எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். "அந்த நூல காச்சினியா?"

"எதுக்குக் காய்ச்சணும்? வெள்ளையாத்தானே இருக்கு?"

"அதான். நீ போட்ட திட்டு வேற, தானா வுழுந்த திட்டு வேற. ரெண்டும் அதுல இருக்கு."

பாரிமுனையில் வாங்கிய கோரா நூல், அதாவது வெளுக்காத நூல் அது. பருத்தியின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அது போகாமல் சாயம் போட்டால் ஒரு நூலிழையில் ஏறும், பக்கத்து இழையில் ஏறாது. அப்பா ஒரு வேலை செய்து காட்டினார். காய்ச்சாத சிட்டத்தின் மேல் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். சொட்டு தாமரை இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. அப்புறம் அதே நூலில் ஒரு துண்டைச் சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தார். வெள்ளையாகத் தெரிந்த நூலிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு கஷாயம் இறங்கியது. அலசி, காயவைத்து, மறுபடி ஒரு சொட்டு வைத்தார். விரலை எடுப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

என் முதல் சிட்டத்தை மறுபடி வடக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நான் ஊற்றிய இடத்தில் நீலம் மெதுவாக வெளுத்துக்கொண்டே போனது அழகு. ஆனால் கருநீலத்தின் நடுவிலேயே கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளிகள். அது நான் போட்டதில்லை. இன்னொன்றும் காட்டினார்: சிட்டம் கலையாமல் இருக்க நான் நாலு இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தேன். கட்டின இடத்தில் சாயமே இறங்கவில்லை. எட்டு போலக் குறுக்கே விட்டு, விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டுமாம்.

"நேராப் போடத் தெரிஞ்சாத்தான் திட்டையும் நீ சொல்ற எடத்துல நிறுத்த முடியும்" என்றார். சரி, கற்றுக்கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி. 100 கிராம் நூலை, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களைச் சுற்றிச் சிட்டமாக எடுப்போம். ஒரு சுற்று ஒன்றரை மீட்டர். காய்ச்சி அலசிய சிட்டத்தை, லிட்டருக்கு 50 கிராம் சோடா ஆஷ் கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் தாளில் விரிப்போம். சாயத்தூளைக் கரைப்பது மட்டும் அப்பா. 100 கிராம் நூலுக்கு 2 கிராம் என்றால் நடுத்தர நிறம். அதை அவர் "டூ பர்சென்ட் ஷேடு" என்பார். கரைக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளாமல் என்னை அருகில் விடமாட்டார். இந்த ரியாக்டிவ் சாயத்தின் தூள் மூச்சில் போகவே கூடாது. சிலருக்கு ஆஸ்துமா மாதிரி தொந்தரவு வந்துவிடும். சாயத்துக்கு எடுத்த சட்டியும் கரண்டியும் அதற்கே. சமையலறைக்குத் திரும்பி வராது.

பழைய சாஸ் பாட்டிலில் சாயத்தை ஊற்றிக்கொண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் பீய்ச்சுவேன். தாளைச் சுருட்டி, தண்ணீர் தொட்டி நிழலில் இரவு முழுக்க வைப்போம். பருத்திக்கு இந்தச் சாயம் போட அடுப்பே வேண்டாம், நம் ஊர்ச் சூடு போதும். மார்கழியிலும் போதும். மறுநாள் அலசல்தான் நீளும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்புப் போட்ட வெந்நீர், மறுபடி தண்ணீர். கடைசி வாளியில் நிறம் இறங்குவது நிற்கும் வரைக்கும் நிறுத்தக் கூடாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பும் கடினமும். அதில் சாயம் கரைத்தால் நிறம் மங்கும். அதனால் கரைப்பதற்கு மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் தனியாக எடுத்து வைத்துவிடுவேன்.

இதெல்லாம் எதற்கு என்றால், சின்னச் சின்ன சாமான் பின்னுவதற்கு. பெரியதாக ஒன்றும் இல்லை: குழந்தைத் தொப்பி, செல்போன் உறை, டம்ளர் வைக்க வட்டம், சுருக்குப் பை. கையால் சாயம் போட்ட நூலுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. அதே தூள், அதே அளவு, அதே பாட்டில் என்று போட்டாலும் இரண்டாவது சிட்டம் முதலாவதைப் போல வராது. பெரிய ஸ்வெட்டர் பின்னினால் ஐந்தாறு சிட்டம் வேண்டும். எங்கே ஒரு சிட்டம் முடிந்து அடுத்தது தொடங்கியது என்று வயிற்றுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும். அதை மறைக்க இரண்டு சிட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு ஒரு தடவை நூலை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன சாமானில் ஒரே சிட்டம், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. அதோடு சென்னையில் யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும்?

இனி நான் ரொம்ப நேரம் செலவழித்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நூல், பின்னுகிற சாமானின் சுற்றளவைப் பொறுத்து முற்றிலும் வேறு உருவம் எடுக்கும். இது எப்படி என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

என் சிட்டத்தின் சுற்று 150 சென்டிமீட்டர். அதில் 100 சென்டிமீட்டர் நீலம், 50 வெள்ளை. நான் எடுக்கிற நூல் கனத்துக்கும் மூன்றரை மில்லிமீட்டர் ஊசிக்கும் ஒரு கண்ணிக்கு (பின்னலில் ஒரு வளையம்) ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நூல் பிடிக்கும். ஆக, 100 கண்ணிக்கு ஒரு தடவை நிறம் திரும்பி வரும். சுருக்குப் பைக்கு 50 கண்ணி போட்டு வட்டமாகப் பின்னினேன். இரண்டு சுற்றுக்குச் சரியாக 100. அதனால் வெள்ளை எப்போதும் போன தடவை வந்த அதே இடத்துக்கே வந்து விழுந்தது. பையின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தேங்கி, மழை நின்றபின் தெருவில் குட்டை கட்டினதுபோல் இருந்தது.

பிரித்துவிட்டு 48 கண்ணி போட்டேன். இரண்டு சுற்றுக்கு 96. நாலு கண்ணி பாக்கி. அந்த நாலு கண்ணிதான் வேலையைச் செய்தது. ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் வெள்ளை நாலு கண்ணி தள்ளித் தள்ளி விழுந்து, பையைச் சுற்றிச் சாய்வாக ஏறியது. காசிமேட்டில் அலை கரையில் சாய்ந்து வந்து இழுத்துக்கொண்டு போகும்போது நுரை ஒரு கோடாக நிற்குமே, அந்தக் கோடு. அன்று இரவு ஊசியைக் கீழே வைக்க மனசே வரவில்லை.

அதே நூலில் மிச்சத்தை எடுத்து, பிறந்த குழந்தைக்குத் தொப்பி பின்ன 72 கண்ணி போட்டால் குட்டையும் இல்லை, சாய்வும் இல்லை. நிறம் எங்கெங்கோ சிதறிவிடும். மேகம் கலைந்த வானம் மாதிரி. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. 72-ஐ எட்டாகப் பகுத்து, பகுதிக்கு ஒவ்வொரு கண்ணியாகக் குறைத்துக்கொண்டே போனால் உச்சி சீராக மூடும். ஆனால் குறைக்க ஆரம்பித்ததும் சுற்று சிறுத்துக்கொண்டே வருவதால், நடுவில் 50 கண்ணிப் பக்கம் வரும்போது கொஞ்ச நேரம் குட்டை கட்டிவிட்டு மறுபடி கலையும். உச்சியில் ஒரு பூ விரிந்ததுபோல் தெரியும். அதை நான் திட்டமிடவே இல்லை.

கண்ணி என்ற சொல்லை நான் காசிமேட்டில் எடுத்தேன். ஆன்ட்டி 'ஸ்டிச்' என்பார். அது எனக்கு ஒட்டவில்லை. ஒரு நாள் மீன் வாங்கப் போய், நண்டு சுத்தம் செய்து தரும் வரை ஒரு படகின் நிழலில் நின்று பின்னிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் கிழிந்த நைலான் வலையை ஊசியால் சரி செய்துகொண்டிருந்தார். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தவர், "இன்னாமா, ஒன் கண்ணில முடிச்சே இல்லியே? ஒண்ணு அறுந்தா மொத்தமும் அவுந்துடுமே" என்றார். வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சுப் போட்டது. ஒரு கண்ணி போனால் அடுத்தது நிற்கும். பின்னலில் கண்ணிக்குள் கண்ணி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நுனியைப் பிடித்து இழுத்தால் கடைசி வரை அவிழும். "அவுந்தாத்தான் ஐயா திரும்பப் பின்ன முடியும்" என்று சொல்லி அவர் முன்னாலேயே நாலு வரிசையை இழுத்துப் பிரித்துக் காட்டினேன். அவர் வலை ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தார். 50 கண்ணிப் பையை நான் கொஞ்சமும் யோசிக்காமல் பிரித்தேனே, பின்னலில் அந்த வசதி இல்லாவிட்டால் எனக்கு 48 தெரிந்தே இருக்காது.

உல்லன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 'ப்யூர் உல்' என்று ஒரு கடையில் நம்பி வாங்கிய நூலுக்கு வினிகர் விட்டுச் சூடாக்கிச் சாயம் போட்டேன். கம்பளிக்கு அதுதான் முறை. பருத்திக்குச் சோடா, கம்பளிக்குப் புளிப்பும் சூடும். ஒரு மணி நேரம் கழித்தும் சாயம் அப்படியே தண்ணீரில் நின்றது. அப்பா ஒரு இழையை எடுத்துக் கொளுத்தினார். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. அக்ரிலிக். உண்மையான கம்பளி என்றால் முடி கருகின நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரியும். வாங்கும் முன் ஒரு விரல் நீளம் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள்.

மஞ்சளிலும் முயன்றேன். சமையல் மஞ்சளில் ஊறவைத்த நூல், பார்த்தால் கண் கூசும் அளவுக்குப் பளிச்சென்று வந்தது. அதில் பின்னிய தொப்பியைத் துணிசோப்பில் துவைத்ததும் சிவந்துவிட்டது. ஆரத்தித் தட்டில் மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்குமே, அதே வேலை. சோப்பிலும் காரம் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கியதும் மஞ்சள் திரும்பியது. ஆனால் நாலு நாள் வெயிலில் வெளுத்தே போய்விட்டது. அப்பா சொல்லித்தான் சாயவேரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இம்பூறல் என்றும் பெயர். நம் சோழமண்டலக் கரையின் மணல் நிலத்தில் வளர்கிற சின்னச் செடி. அதன் வேரில் இருக்கும் சிவப்பைப் படிகாரம் கொண்டு பருத்தியில் ஏற்றினால் எத்தனை வெளுப்புக்கும் அசையாது. கம்பெனிக் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்ததே அப்படிப்பட்ட துணிகளுக்காகத்தான். துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் எங்கள் பேட்டைக்கு வண்ணாரப்பேட்டை என்று பெயர். திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை இருக்கிறதே, அது 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களுக்காக உண்டாக்கிய ஊர். காலெட் பேட்டைதான் வாயில் திரிந்து காலடிப்பேட்டை ஆனது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் மடியில் ஊசியும் நூலுமாகத்தான் போகிறேன்; ஜன்னல் பக்கம் பார்க்க ஒரு சந்தோஷம் வருகிறது.

அந்த 48 கண்ணிப் பையை அத்தைக்காகத்தான் பின்னினேன். அப்பாவின் அக்கா, கொருக்குப்பேட்டையில் இருக்கிறார். வெற்றிலை இல்லாமல் அவருக்கு ஒரு மணி நேரம் ஓடாது. அவருடைய பழைய சுருக்குப் பை, மடிப்பில் எல்லாம் சுண்ணாம்பு ஏறி, வெடித்துக் கிழிந்திருந்தது. பையின் வாய்க்கு மட்டும் வேறு நூல் எடுத்தேன். அது அப்பா தன் கையாலேயே, கல் உப்பு போட்டு, வாளியில் மரக்குச்சியால் ஒரு மணி நேரம் விடாமல் கிளறிப் போட்ட கருநீலம். ஒரு இழை ஏற்ற இறக்கம் கிடையாது. எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் ஒரே நிறம். திட்டு நூலின் பக்கத்தில் அப்படி ஒரு நிதானமான நிறம் வந்தபோதுதான் திட்டே எடுப்பாகத் தெரிந்தது. எட்டு வரிசை அந்தக் கருநீலம், அதில் கயிறு கோக்க ஓட்டை விட்டு, மீதி உடம்பெல்லாம் சாய்வான நுரைக் கோடு.

பொங்கலுக்கு அத்தை வந்தபோது கொடுத்தேன். அவர் பையை வாங்கி முதலில் உள்ளே கை விட்டு ஆழம் பார்த்தார். கயிற்றை இழுத்து மூடிப் பார்த்தார், திறந்தார். அப்புறம் மெதுவாக விரலை வெள்ளைக் கோட்டின் மேல் வைத்து, கீழிருந்து மேலே சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார்.

"தம்பி, இதுக்கு நீதான் சாயம் போட்டியா? கடல் மாதிரி இருக்குடா."

"மேல வாய்தான்க்கா நான். கீழ அவ போட்டது" என்றார் அப்பா.

அத்தை வீட்டுக்குப் போன பிறகு, மாடியில் நாற்காலியைக் கவிழ்த்துப் போடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா கோரா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய டைரி. மில்லில் எழுதியது போலவே லாட் எண், தேதி, நூல் எடை, சாய எடை என்று கோடு போட்டு வைத்திருந்தார். கடைசிக் கட்டத்தில் புதிதாக ஒரு தலைப்பு: 'திட்டு - எவ்வளவு நீளம்.'

"அண்ணன் பொண்ணுக்கு மாசியில குழந்தை பொறக்கப் போவுது. தொப்பிக்கு எத்தன கண்ணி போடுவே?" என்று கேட்டார்.

"72 போடுவேன்பா."

கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "அப்போ 72-லயும் சாய்வு வரணும்னா நாற்காலி பத்தாது. இன்னும் பெரிய சுத்து வேணும். பெஞ்ச கவுத்துப் போடலாமா?"

பெஞ்சின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நானும் பிடித்து மாடிக்கு ஏற்றினோம்.